பெரிபெரிக் காலும் பழைய சைக்கிளும்

காலை ஏழரை மணிக்கு ஈப்போவின் சிலிபின் பகுதியில் பெரிய சாக்கடையின் ஓரத்தில் குந்தினேன். தண்ணீரின் மேல் எண்ணெய் சீராகப் படர்ந்திருக்கிறதா, எங்காவது கொசுப் புழு நெளிகிறதா என்று பார்ப்பதற்காக. பார்த்தேன். புழு இல்லை. எழுந்திருக்கப் போனேன், முடியவில்லை.

எண்ணெய் டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு நாலு ஆட்கள் என் பின்னால் நின்றார்கள். மண்டோர் எதையோ உற்றுப் பார்க்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நடித்தேன். தொடைக்குக் கீழே இருப்பது என் கால் மாதிரியே இல்லை. கடைசியில் சாக்கடைச் சுவரை இரண்டு கையாலும் பற்றி, மரம் ஏறுகிறவன் மாதிரி என்னையே நான் இழுத்து நிமிர்த்தினேன். "என்னண்ணே?" என்றான் ஒருவன். "ஒண்ணுமில்ல, போலாம்" என்றேன்.

என் பெயர் ஞானமுத்து. வயது ஐம்பத்து மூன்று. ஈப்போ டவுன் சுகாதார ஆபீஸில் மண்டோர், அதாவது மேஸ்திரி. மலேரியாக் கொசு பெருகாமல் சாக்கடைக்கும் குட்டைக்கும் எண்ணெய் அடிக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வேலை வாங்குவது என் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஆறு மைல் நடை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கோயிலிலும் பசாரிலும் ஆளாளுக்கு நிறுத்தி, என்ன சீக்கு, எப்படி வந்தது, இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் காலைக்கு இரண்டு மாதம் முன்பே அது தொடங்கிவிட்டது. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு மரத்துப்போனது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எந்த இடத்தில் கழன்றது என்று தெரியவில்லை. தெருக்கோடியில் மருந்து விற்கிறவர் ஒருவர், "வாதம்" என்று சொல்லி எண்ணெய் கொடுத்தார். என் மனைவி அன்னம்மா தினமும் தேய்த்துவிட்டாள். கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போகும். கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். எண்ணெய் தீர்ந்தது, காலில் வீக்கம் வந்தது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது. சாக்கடை ஓரத்தில் எழ முடியாமல் போனதற்கு மறுநாள், அன்னம்மா மாட்டுவண்டி ஒன்றைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "ஏறுங்க. இனிமே உங்க பேச்சைக் கேக்கிறதா இல்ல" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெளி நோயாளிகள் உட்கார நீளமான மரப் பெஞ்சு உண்டு. அதில் மூன்று மணி நேரம். எனக்கு இந்தப் பக்கம் காய்ச்சலில் நடுங்கும் ஒரு மலாய்க்காரர். அந்தப் பக்கம் கையில் கட்டுப்போட்ட ஒரு சீக்கியக் காவல்காரர். ஒருவர் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் பெஞ்சு முழுக்க ஓர் அடி நகரும். எனக்கு அந்த ஓர் அடி நகர்வதே பெரும்பாடாக இருந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், கடுகடுப்பான முகம். முதலில் என்னைக் குந்தச் சொன்னார்.

"குந்தினா எந்திரிக்க முடியாது, ஐயா."

"அதைத்தான் பாக்கப்போறன். குந்தும்."

குந்தினேன். எழவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு மேசை மேல் உட்கார வைத்து, ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல காலாக இருந்தால், தட்டினவுடன் கால் தானாக முன்னால் உதைக்குமாம். என் கால் சும்மா தொங்கியது. மறுபடி தட்டினார். மரக்கட்டையைத் தட்டுகிற மாதிரிதான். பிறகு முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார்.

பிறகு நிமிர்ந்து, "என்ன அரிசி சாப்பிடுறனீர்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அன்னம்மாவைப் பார்த்தேன்.

"சியாம் பச்சரிசிங்க" என்றாள் அவள். "நல்லா தீட்டின வெள்ளை அரிசி."

"நீரும் அதைத்தானா?"

"நான் புழுங்கலரிசிதான். ரெண்டு பானை வைப்பேன். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரிபெரி" என்றார். "தமிழருக்கு இது வாறது குறைவு. புழுங்கலரிசி சாப்பிடுறதாலை தப்பிவிடுகினம். நீர் எப்பிடி இதுக்குள்ளை வந்தனீர்?"

எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் கூலி வரிசை வீடான லயத்தில் இருந்து ரேஷன் புழுங்கலரிசி தின்றவன் நான். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது ஈப்போவுக்கு வந்து, டவுன் வேலையில் சேர்ந்து, மண்டோர் ஆனேன். மண்டோர் ஆன அன்றைக்கு அன்னம்மாவிடம், "இனி இந்த வீட்டில் லயத்துச் சோறு என் தட்டில் விழக்கூடாது" என்று சொன்னேன். பூ மாதிரி வெள்ளைச் சோறு வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள், ஆனாலும் ஆக்கிப்போட்டாள். நாலு வருஷம்.

டாக்டர் விளக்கினார். அரிசியின் மேல்தோலில், அதாவது தவிட்டில், ஒரு சத்து இருக்கிறது. மில்லில் தீட்டும்போது அது போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கும்போது சத்து உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது. அது இல்லாமல் போனால் முதலில் நரம்பு கெடும், பிறகு நெஞ்சு. "அந்தச் சத்துக்குப் பேர் வச்சிருக்கினம். இன்னும் ஒருத்தரும் கண்ணாலை காணேல்லை" என்றார். அன்றைக்கே என்னை வார்டில் சேர்த்துவிட்டார்.

அந்த வார்டில் பதினாறு கட்டில். பதினைந்தில் சீனர்கள். எல்லாரும் ஈயச் சுரங்கத்துக் கொங்சிக் கொட்டகையில் தங்கி மண் வாரினவர்கள், வெள்ளை அரிசி தின்றவர்கள். நான் ஒருவன்தான் தமிழன். படுத்த முதல் நாளே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்த ஆ சாம் என்கிறவன் தன் காலைத் தூக்க முடியாமல் கையால் தூக்கிக் காட்டி, பிறகு என் காலைக் காட்டி, "சாமா, சாமா" என்று சிரித்தான். ரெண்டும் ஒன்றுதான் என்கிறான். அப்படிப் பழக்கமானோம். இரண்டு பேருக்கும் கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாய் தெரியும், அது போதும்.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு மூன்று வேளையும் புழுங்கலரிசி, அவித்த பச்சைப்பயறு, அதோடு ஒரு குவளை தவிட்டுக் கஞ்சி. தோட்டத்தில் மாட்டுக்கு வைப்போமே, அதே வாசனை. முதல் குவளையை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஆ சாம் குடிக்கமாட்டான். வெள்ளைச் சோறு வேண்டும் என்று தினமும் நர்ஸிடம் சண்டை. அவன் இந்த வார்டுக்கு வருவது மூன்றாவது தடவை. தேறியதும் கொங்சிக்குப் போவான், அங்கே அதே சோறு, மறுபடி வருவான். "தீடா அப்பா" என்பான். பரவாயில்லை என்று.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, பகல் பதினொரு மணி இருக்கும். மழை வரப்போகிற இருட்டு. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவன் நெஞ்சு என் நெஞ்சை விட மோசம். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. அதைச் சாத்த எழுந்தான். நாலு எட்டு வைத்தான். கதவைப் பிடித்தான். திரும்பி என்னைப் பார்த்தான், ஏதோ மறந்துபோனவன் மாதிரி. அப்படியே சரிந்தான். நான் கத்தினேன். கட்டுப்போடுகிற டிரெசர் ஓடி வந்தார், டாக்டர் வந்தார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஜன்னல் கதவு மட்டும் மறுபடி அடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பயந்தேன், பொய் சொல்லவில்லை. என் நெஞ்சு துடிப்பதை எண்ணிக்கொண்டே கிடந்தேன். தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டவும் பயம். சாயந்திரம் அன்னம்மா வந்தபோது காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கொண்டுவந்த முருங்கைக்கீரையைத் தட்டில் வைத்தாள். பிறகு திடீரென்று அழுதாள்.

"நான்தானே ஆக்கிப் போட்டேன். நாலு வருஷமா, கையால அள்ளி அள்ளி. விஷம் வச்ச மாதிரி."

"கேட்டவன் நான்."

"கேட்டா குடுத்துடறதா?"

"குடுக்காம இருந்திருந்தா நான் விட்டிருப்பேனா? தட்டைத் தூக்கி வீசியிருப்பேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "வீசியிருப்பீங்க."

தவிட்டுக் கஞ்சியை எடுத்து அவள் எதிரிலேயே குடித்தேன். அதன் பிறகு எந்த நாளும் அந்தக் கஞ்சியில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. மூச்சு நிதானப்பட்டது. ஐந்தாம் வாரம் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சு தெளிஞ்சிட்டுது" என்றார். எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். நடக்கச் சொன்னார். வலது காலைத் தூக்கினால் பாதம் முன்னால் தொங்கியது, விரல் தரையில் இடறியது. இரண்டாவது எட்டில் விழுந்தேன். நெஞ்சு சீக்கிரம் தேறும், நரம்பு தேற நாளாகும் என்றார். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம். முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

அந்த வாரமே ஆபீஸிலிருந்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார். மூன்று மாதம் என் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குள் ரவுண்டு போக முடியவில்லை என்றால் வேறு மண்டோர் போட வேண்டிவரும் என்றும் மலாயில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தெலுக் ஆன்சனிலிருந்து என் மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் அங்கே படகுத்துறையில் கணக்கு எழுதுகிற கிராணி.

"போதும் மாமா. எங்களோட வந்திருங்க. ஆத்தங்கரை வீடு, நல்ல காத்து. வாசல்ல ஒரு சாய்வு நாற்காலி போட்டுர்றேன், உக்காந்துக்கிட்டே இருக்கலாம்" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த நாற்காலியை நினைத்தபோது, ஆ சாம் விழுந்த அன்றைக்கு வந்ததை விடப் பெரிய பயம் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன், மாப்ள" என்றேன். யோசிக்கவே இல்லை.

வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஆஸ்பத்திரிப் பியூனின் சைக்கிள் தூணில் சாய்ந்து நிற்கும். மறுநாள் சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே வரை போயிருந்தேன். சைக்கிள் எனக்குப் புதிதில்லை. தோட்டத்தில் நான் தபால்காரன். தோட்டத்துத் துரையின் சைக்கிளில் ஸ்டேஷனுக்கு ஒன்பது மைல் போக, ஒன்பது மைல் வர, எட்டு வருஷம் ஓட்டினவன். ஈப்போவுக்கு வந்த பிறகு தொட்டதில்லை. பதினோரு வருஷம். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பாதத்தைக் கையால் தூக்கிப் பெடலில் வைத்தேன். பின்பக்கமாக மிதித்தேன். கால் சுற்றியது! பாதம் தொங்கவில்லை, பெடல் அதைத் தாங்கிக்கொண்டது. நடக்கும்போது பாதத்தை நான் தூக்க வேண்டும், இங்கே பெடலே தூக்கிவிடுகிறது. தொடைக்கு வலு இருந்தால் போதும். என் தொடையில் வலு திரும்பியிருந்தது.

"இறங்கும்!" என்று பின்னாலிருந்து குரல். டாக்டர்.

"இதுல கால் வேலை செய்யுது, ஐயா. பாருங்க."

பார்த்தார். இரண்டு சுற்று பார்த்தார். "விழுந்தால் எலும்பு முறிஞ்சது கூட உமக்குத் தெரியாது. உணர்ச்சி இல்லாத கால். இன்னும் ஆறு மாசத்துக்கு இந்தக் கதையே வேண்டாம்."

"ஆறு மாசம் கழிச்சு என் வேலை இருக்காது, ஐயா."

"உயிர் இருக்கும்."

"உயிரை வச்சு நாற்காலியில உக்காரவா?"

அவர் வார்டுக்குள் போய்விட்டார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். ஒன்று, புழுங்கலரிசியும் பயறும். மற்றது, சைக்கிள் கூடாது. முதல் வரியை இன்று வரை மீறவில்லை.

கோயில் சமையல்கட்டுக்குப் பின்னால் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று கிடந்தது. கோயில் சாமியாரிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போ, ஆனா விழுந்துட்டு என்கிட்ட வராதே" என்றார். சீனன் கடையில் செயினும் பிரேக்கும் மாற்றினேன். பழைய டியூப்பை வெட்டி, இரண்டு பெடலிலும் பாதம் நுழைகிற அளவுக்கு வார் மாட்டினேன். அன்னம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எங்க ஓட்டப்போறீங்க?" என்றாள்.

"திடல்ல."

"தனியா ஓட்டுனா விழுவீங்க. வாரேன்."

அப்படித்தான், பேரன் எடுத்த அன்னம்மா சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு சிலிபின் திடலில் என் கூடவே ஓடினாள். எதிரே இருந்த காப்பிக்கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். "மண்டோரண்ணே, நடக்கவே காணோம், பறக்கப் போறீங்களா லா?" என்று ஒருவன் கத்தினான். "நீ முதல்ல கல்லாவைப் பாரு" என்று அன்னம்மா ஓடிக்கொண்டே திருப்பிக் கத்தினாள். மூச்சிரைக்கத் திட்டுவது அவளுக்குக் கைவந்த கலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் வாரத்தில் ஏழு தடவை விழுந்தேன். ஒரு தடவை கணுக்காலிலிருந்து ரத்தம் ஒழுகிச் செருப்பு நனைந்திருந்தது, அவள் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னது சரி. அன்று சாயந்திரம் அவள் இரண்டு காலிலும் துணியைப் பந்து மாதிரி சுற்றிக் கட்டினாள். "நாளைக்கு இதோட ஓட்டுங்க" என்றாள். பத்தாம் நாள் திடலை மூன்று சுற்று வந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தூரத்தில் கோல்போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எப்போது கையை விட்டாள் என்று தெரியவில்லை.

ஓட்டுவது வந்துவிட்டது. இறங்குவது வரவில்லை. நிறுத்திக் கால் ஊன்றினால் தரை இருக்கிறதா இல்லையா என்று பாதத்துக்குத் தெரியாது, முழங்கால் மடங்கிச் சாய்ந்துவிடுவேன். மதகுச் சுவரோ விளக்குக் கம்பமோ பக்கத்தில் இருந்தால் பிடித்து நிறுத்தலாம். வெட்டவெளியில் நிறுத்தினால் விழ வேண்டியதுதான். ஏறுவதும் அப்படியே, சுவர் வேண்டும்.

மூன்று மாதக் கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. காலை ஆறு மணிக்கே கிளம்பினேன். சிலிபின் சாக்கடை, ரயில் பாதையோரம், ஆற்றங்கரைக் குட்டை, பழைய ஈயப் பள்ளம், முழு ரவுண்டும் போனேன். எண்ணெய் சரியாகப் படராத இடம் இரண்டு கண்டேன். நடந்து போனால் மத்தியானம் வரை ஆகிற ரவுண்டு, எட்டு மணிக்கு முடிந்துவிட்டது. முடிகிற இடம் பெரிய முச்சந்தி, நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளி. அங்கே, காலையில் வேலையைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் துரை காரை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சுவர் இல்லை, கம்பம் இல்லை, மரம் கூட இல்லை.

துரை முன்னால் நான் விழப்போவதில்லை என்று முடிவு செய்தேன். அவரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன்.

"மண்டோர்?" என்றார், வாயைத் திறந்தபடி.

"தபே துவான்" என்று வணக்கம் சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டே வேலையைச் சொன்னேன். ஆற்றங்கரைக் குட்டையில் வடக்கு மூலையில் எண்ணெய்ப் படலம் உடைந்திருக்கிறது. ஈயப் பள்ளத்தில் புழு இருக்கிறது, இன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும். மற்றதெல்லாம் சுத்தம். அவர் என் முகத்தைப் பார்ப்பதற்காக நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிச் சுற்றினார். சாலையில் போன ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"துருன், மண்டோர்! துருன்!" என்றார் துரை. இறங்கு, இறங்கு என்கிறார்.

"வேலை இருக்கா, துவான்? அதை முதல்ல சொல்லுங்க."

இன்னொரு சுற்று. இன்னொன்று. அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் வைத்துவிட்டு காரையே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளையிலிருந்து வா. மெங்லெம்பு ரோட்டுப் பக்கமும் உனக்குத்தான்" என்றார்.

"தெரிமா காசி, துவான்" என்று நன்றி சொன்னேன்.

"சரி, இப்போது எப்படி நிறுத்துவாய்?"

"அது என் பாடு" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.